யமுனாவை நீக்குதல்

பெல்லந்தூர், ஐந்தாம் மாடி.
ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று
தாள் ஒட்டியிருக்கிறார்கள்.
இரவு ஒன்று நாற்பது.
எட்டு வருஷத்து நிரலுக்குள்
ஒரே ஒரு சொல்லைத் தேடுகிறேன்:
யமுனா2016.

பதினோரு இடம்.
பணம் வாங்கும் நிரலில் இரண்டு.
திருப்பிக் கொடுக்கும் நிரலில் ஒன்று.
மிச்சம், எவரும் திறக்காத கோப்புகளில்,
தலைக்கு மேல் ஒரு குறிப்போடு:
தற்காலிகம். அடுத்த வாரம் மாற்றவும்.
அந்த அடுத்த வாரம்
சில்க் போர்டில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எழுதியவர் கோதண்டம். லாகில் பெயர் இருக்கிறது.
விலகிய அன்று அவரிடம்
அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்,
லேப்டாப்பை, மிச்சமிருந்த சாப்பாட்டுக் கூப்பனை.
யமுனாவை யாரும் கேட்கவில்லை.

அவள் இங்கேயே இருந்தாள்.
விநாடிக்கு நாற்பது முறை
ஒரு சர்வர் இன்னொன்றின் கதவைத் தட்டும்.
யார்? என்று கேட்கும்.
யமுனா என்றால் போதுமாக இருந்தது.
யார் சொன்னாலும் போதுமாக இருந்தது.
போன செவ்வாய்க்கிழமை
முன்பின் தெரியாத ஒருவன் சொன்னான்.
கதவு திறந்தது.
கதவைக் குறை சொல்ல முடியாது.
சொல் சரி.

இப்போது பெட்டகம் புதிது.
அதன் சாவியை ஐந்தாக உடைத்து
ஐந்து பேரிடம் கொடுத்திருக்கிறோம்.
மூன்று பேர் சேர்ந்தால்தான் திறக்கும்.
நான் ஒருத்தி.
நிகத் தன் துண்டைத் தட்டும்போது
கேமராவைக் கையால் மூடிக்கொண்டாள்.
ஹெக்டே ஏர்போர்ட் டாக்ஸியில்,
போனில் நாலு சதவீதம் சார்ஜ்,
ஹெப்பால் வரும்வரை மூச்சைப் பிடித்திருந்தோம்.
ஒருவரையொருவர் நம்புகிறோம் என்பதில்லை.
நம்பித் தீர வேண்டிய கட்டாயம் இல்லாதபடி
அமைத்துக்கொண்டோம்.
அதுவும் ஒரு மரியாதைதான்.

இனி ஒவ்வொரு சர்வருக்கும்
ஒரு மணி நேரம் உயிர் வாழும் சொல்.
அறுபத்து நாலு எழுத்து, எந்த வாயிலும் நுழையாது.
பிறக்கும், ஒரு கதவைத் திறக்கும், போய்விடும்.
திருடுகிறவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்
காலாவதி.
அவுட்டர் ரிங் ரோடு வழியென்றால் நிச்சயம்.

நீக்குவதற்கு முன்
கோதண்டத்தைக் கூப்பிட்டேன். கால்கரியில் மதியம்.
இந்தச் சொல் வேறெங்காவது உண்டா,
அதைத்தான் கேட்க நினைத்தது.
கேட்டேன்.
இல்லை என்றார்.
போனை வைக்காமல்
யமுனா யார் என்றும் கேட்டேன்.
சாயங்காலத்திலிருந்து அவளுக்கு
ஒரு முகம் செய்து வைத்திருந்தேன்,
இடப்பக்கம் மூக்குத்தி உட்பட.

சிரித்தார். நிறுத்த முடியவில்லை அவருக்கு.
தண்ணி லாரிம்மா.
ஸ்ரீ யமுனா வாட்டர் சப்ளை.
அந்த ஏப்ரல்ல கசவனஹள்ளியில
பத்து நாளா சொட்டுத் தண்ணி இல்ல.
வீட்ல உக்காந்து இதை முடிக்கிறேன்,
பாஸ்வேர்ட் கேக்குது,
சரியா அப்போ ஜன்னலுக்குக் கீழ
ரிவர்ஸ் ஹாரன் அடிச்சிட்டு வந்தா.

வந்தா என்றார்.
வந்துச்சு என்று சொல்லவில்லை.

நாலு பதினேழுக்கு நீக்கினேன்.
பதினோரு இடத்திலும்.
எதுவும் நிற்கவில்லை. பணம் போனது, வந்தது.
கிராஃபில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

விடியும்போது வீடு.
பத்து மாத அட்வான்ஸ், பழைய பூட்டு.
எனக்கு முன்னால் குடியிருந்த மூன்று பேரும்
ரொம்ப நல்லவர்கள் என்று
ஓனர் ரெட்டி சொல்லியிருக்கிறார்.
சாவியைத் திருகினேன்.
திறந்தது.

குழாயில் காற்று மட்டும்.
கதவின் பின்பக்கம்
அந்த மூவரில் யாரோ பென்சிலில் எழுதிய ஒரு எண்,
பக்கத்தில் கன்னடத்தில் நீரு என்று.
அழைத்தேன்.
யார்? என்றது ஒரு தூக்கக் குரல்.
பெயரைச் சொல்லவில்லை,
மூணாவது கிராஸ், பச்சை கேட் என்றேன்.
போதுமாக இருந்தது.