மாதம் தொள்ளாயிரம்

போர் நின்ற இரண்டாம் மழைக்காலத்தில்
வெள்ளை வண்டி ஒன்று என் வாசலில் நின்றது.
இறங்கியவர் கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்,
சுவரில் குண்டு துளைத்த இடத்தில்
விரலை விட்டுப் பார்த்தார்.
தொள்ளாயிரம் என்றார்.
வருடத்துக்கா என்று கேட்டேன்.
மாதத்துக்கு.

அன்று இரவே பிள்ளைகளோடு
கொல்லைப்புறச் சமையல் கொட்டகைக்குக் குடிபோனேன்.
என் வீட்டுச் சன்னலின் வெளிச்சத்தில்
எட்டு வருடம் சோறு வடித்தேன்.

பாங்கா ஊரில் அப்போது
லைபீரிய டாலரை நீட்டினால்
கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.
வாழைக்காய்க் குலைக்கு இரண்டு விலை:
நடந்து வருபவருக்கு ஒன்று,
வண்டியில் வருபவருக்கு ஒன்று.
பிறகு ஒரே விலை. வண்டிக்காரர் விலை.
நடந்து வந்தவர்கள் நடந்தே போனார்கள்.

என் மகன் கெர்கூலாவுக்குக் கணக்குச் சொல்லித்தந்த
யார்பாவோலோ வாத்தியார்
சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு
அவர்களுக்கு வண்டி ஓட்டப் போனார்.
பள்ளிக்கூடத்தின் ஆறு மாதச் சம்பளம்
அங்கே மூன்று வாரத்தில்.
தெருவில் கண்டால் ஹாரன் அடிப்பார்.
மகனுக்குப் பின்னம் இன்னும் வராது,
சில்லறை மட்டும் பிசகாமல் எண்ணுவான்.

முட்டை அவர்களுக்கு விமானத்தில் வந்தது.
தண்ணீர்கூட விமானத்தில்.
கோழி வளர்த்த கோர்ட்டோ
முகாம் வேலிவரை கூடையைச் சுமந்துபோய்
முத்திரை இல்லையென்று திரும்பி வந்தாள்.
நானும் அவளிடம் வாங்கவில்லை.
குடியிருந்தவரின் சமையல்காரன்
மிச்ச முட்டைகளை எனக்குத் தந்துகொண்டிருந்தான்.

பொய் சொல்லக் கூடாது.
இரவில் சுடும் சத்தம் இல்லை.
சந்தைக்குப் போன மகள்
சந்தையிலிருந்து திரும்பி வந்தாள்.
அதற்கு என்ன விலை போடுவதென்று தெரியவில்லை.

வாடகையை நம்பி மாடி எழுப்பினேன்.
கம்பிகள் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றபோது
கொடியை மடித்தார்கள், பேண்டு வாசித்தார்கள்.
சாவியைத் தந்தவர் கைகுலுக்கி
உங்கள் நாடு இனிச் சொந்தக் காலில் நிற்கும் என்றார்.
ஏசியை அப்படியே விட்டுப்போனார்.
மின்சாரம் கிடையாது.
அதற்குள் பல்லி ஒன்று குடித்தனம் நடத்துகிறது
வாடகை தராமல்.

யார்பாவோலோ பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்.
அவர் நாற்காலியில்
அவரிடம் தோற்றுப்போன பையன்.

டீசல் விற்றுக்கொண்டிருந்த டோகர் நேற்று வந்தான்.
வாசலில் காலிப் பீப்பாயைக் கவிழ்த்து உட்கார்ந்து
ரேடியோவைத் திருகினான்.
எல்லைக்கு அப்பால் எங்கோ கலவரம்.
"இந்தப் பக்கம் பரவினால்
அவர்களும் வருவார்கள், இல்லையா" என்றவன்
தண்ணீர் கொண்டுவந்த என் மகளைப் பார்த்ததும்
ரேடியோவை அணைத்தான்.

அவனை நான் திட்டியிருக்க வேண்டும்.
திட்டவில்லை.
வாய்க்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்,
தொள்ளாயிரத்தைப் பன்னிரண்டால்.