பட்டாவா

பேரணாம்பட்டு மலை ஏறி முடிகிற இடத்தில்
செக்போஸ்ட்டுக்கு எதிரே
சைக்கிளோடு சாய்ந்தேன்.
ஓடும்போது அல்ல,
நின்ற பிறகு.

கிளிப்லெஸ் என்று பெயர் அந்தப் பெடலுக்கு.
பெயரில் இல்லாத கிளிப்
பாதத்தில் இருந்தது.
குதிகாலை வெளியே திருப்பினால் விட்டுவிடும்,
பீடியை மிதித்து அணைக்கிற மாதிரி
என்றிருந்தான் இம்தியாஸ்.
பீடி குடிக்கிறவன் அவன்.
நான் ஷூ கம்பெனியில் மேல்தையல் போடுகிறவள்.

லாரிச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கிய காவலர்
"ஏம்மா, பட்டாவா?" என்றார்.
தார்ச்சாலையில் ஒன்றரை முழம்
என் பேருக்கு எழுதித் தருகிறாரோ என்றிருந்தது.
விழுந்தாயா என்றுதான் கேட்டிருக்கிறார்.
விழுவதற்கும் படுவதற்கும் அங்கே ஒரே சொல்.
முழங்கை ஒப்புக்கொண்டது.

அதற்கு முன் இரண்டு வருடம் விரல்கூண்டு.
தகரக் கூண்டு, அதில் ஒரு தோல்வார்.
வார் நானே வெட்டியது,
ஜெர்மனிக்குப் போகாமல் கழிந்த துண்டில்.
உயிரோடிருந்தபோது அந்த எருமை
ஏதோ முள்வேலியில் கிழித்துக்கொண்ட கோடு
என் பெருவிரலுக்கு மேலே ஓடும்.
இறுக்கினால் குனிந்து பக்கிளை விடாமல்
இறங்க முடியாது.
தளர்த்தினால் இறங்கலாம்,
ஏற்றத்தில் அது வெறும் தோரணம்.
பஞ்சரான அன்று எட்டு கிலோமீட்டர்
ரப்பர் செருப்போடு தள்ளிக்கொண்டே வந்தேன்.
அடியில் லாடம் வைத்த இந்த ஷூவில் நடந்திருந்தால்
வி.கோட்டை சந்தை மாடெல்லாம்
டக் டக் கேட்டுத் திரும்பியிருக்கும்,
சொந்தக்காரி வருகிறாள் என்று.

ஆனாலும் அந்தக் கடைசி வளைவு.
மிதிக்கிற கால் மிதிக்க
மற்றது மேலே இழுக்கிற நூறு மீட்டர்.
ஊசி கீழே போய்
நூலைப் பிடித்துக்கொண்டு மேலே வருமே, அப்படி.
அதை விட மனசில்லை.

லாரி வலப்பக்கம் உரசிப் போகிற சாலை.
எப்போதும் இடது காலைத்தான் ஊன்றுகிறேன்.
"இடதுக்கு வார், வலதுக்குப் பூட்டு" என்றேன்.
இம்தியாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.
"கலந்து மாட்டினா சிரிப்பாங்க."
யார் என்று கேட்டேன்.
ஞாயிறு காலை ஆறு மணிக்கு அங்கே
தக்காளி ஏற்றிய லாரிகள்தான்.
இடப்பக்க மரை எதிர்த்திசையில் முறுகும்.
அதை மறந்து முறுக்கி, கை வழுக்கி,
என்னைத் திட்டினான்.

மிச்சம்
ஒரு வலது வார், ஒரு இடது பூட்டு.
தெலுங்குப் பேப்பரில் சுற்றி
கட்டிலடியில் கிடக்கின்றன.
அதுவும் ஜோடிதான்.
வலது காலை ஊன்றி நிற்கிறவள்
எவளாவது வந்தால் கொடுக்கலாம்.