எடைப் பட்டியல்

சாங்கி கிடங்கு, ஏழாம் எண் கதவு.
விமானத்தின் வயிற்றில் எது எங்கே உட்கார வேண்டுமென்று
கணக்குப் போடுவது என் வேலை.
தார்ப்பாய் ஆயிரத்து இருநூறு.
போர்வை.
தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை, அறுபத்து நான்கு பெட்டி.
ஒரு பெட்டி பதினெட்டு கிலோ.

புயல் கரையேறி நான்கு நாள்.
எந்தக் கரை என்று எழுத எனக்கு அனுமதியில்லை,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
அங்கே இறங்க எங்களுக்கு அனுமதியில்லை.
பட்டினிப் பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு
"எல்லாரும் சாப்பிட்டாச்சு" என்னும் தகப்பன் மாதிரி
அவர்கள் அரசு.

கேப்டன் ஹைருல் சொன்னார்:
"கூப்பிடாத வீட்டுக்குள் சோற்றுப் பானையோடு நுழைந்தாலும்
நுழைந்ததுதான்."
அவர் சொன்னதில் தவறில்லை.
எனக்கு அதுதான் கோபம்.

இரவு சாங்கி வில்லேஜ் போய் நாசி லெமாக் வாங்கி வந்தோம்.
சம்பலில் காரம் போதவில்லை என்று செங் வெய் குறைப்பட்டான்.
அப்புறம் யாரும் பேசவில்லை.

பெட்டிகளின் மேல் அந்த மண்ணின் மொழியில்
"இருபது லிட்டருக்கு ஒன்று, அரை மணி பொறுக்கவும்" என்று எழுத
துவாஸிலிருந்து ஒரு வெல்டர் வந்திருந்தார், சம்பளமில்லா விடுப்பில்.
தினமும் காலையில் "இன்னிக்கா மேடம்?" என்பார்.
"இன்னும் தகவல் இல்லை" என்பதை
அவர் மொழியிலேயே சொல்ல
ஐந்தாம் நாள் கற்றுக்கொண்டேன்.

நாற்பத்தோராவது பெட்டியில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது.
என்ன இது என்றேன்.
"அக்கா இருக்கிற ஊர்."
பெயர் போட்டு அனுப்பக் கூடாது, விதி.
அவர் முகத்தைப் பார்க்காமல்
பெட்டியை மறுபடி தராசில் ஏற்றினேன்.
பதினெட்டு கிலோ.
அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள்.
இறக்குவதற்கும் ஒரு பட்டியல் உண்டு.

மார்ச்சில் வேறொரு நாடு, நிலநடுக்கம்.
அவர்கள் கேட்டார்கள், ஆறு மணி நேரத்தில் விமானம் கிளம்பியது.
காலாவதிக்கு ஏழு வாரம் மிச்சமிருந்த மாத்திரைகளும் போயின.

செய்தியில் ஒரு படம்:
சரிந்த பள்ளி மதில், மூக்கு ஒழுகும் பையன்,
அவன் ஏறி உட்கார்ந்திருப்பது எங்கள் பெட்டி.
தொங்கும் கால்களுக்கு நடுவே
அங்கே யாராலும் வாசிக்க முடியாத அந்த ஊர்.

வெல்டரின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது.
படத்தை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.
அனுப்பவில்லை.