பதினோரு லிட்டர்

யஷ்வந்த்பூர் லாரி நிறுத்தத்தில்
விடிவதற்கு முன்பே
வண்டிக்கு அடியிலிருந்து அட்டையை இழுக்கிறார் ஜபிவுல்லா.
முந்தின இரவு அவரே விரித்தது,
ஏதோ ஏசிப் பெட்டியின் அட்டை.
ராத்திரி முழுக்க இன்ஜின் அதன்மேல் நின்றும்
நாலே நாலு சொட்டு.
அதிலும் ஒன்று தண்ணீர்.

"கீழ போகலை" என்கிறார்,
என்னிடம் அல்ல, அட்டையிடம்.

ராசிபுரத்திலிருந்து ஓனர் போனில் இருக்கிறார்.
மூணு டிரிப்பில் பதினோரு லிட்டர் ஆயில்,
தரையில் இல்லைன்னா எங்கே போச்சு?
அந்த 'எங்கே'க்குள் ஒரு கை இருக்கிறது,
என் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிற கை.
போன மாதப் பேட்டாவில் ஏற்கெனவே பிடித்தாயிற்று
மூவாயிரத்து முந்நூறு.

செல்ஃப் அடிக்கச் சொல்கிறார்.
குளிர்ந்த வண்டி கமறி, உதறி,
கேபின் கண்ணாடி கடகடவென்று ஆட
ஒருவழியாய்ப் பிடித்துக்கொள்கிறது.
பின்னால் நீலப் புகை.
கறுப்பென்றால் டீசல் பங்க்கைத் திட்டியிருக்கலாம்.
டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தை மூடிவிட்டு
கன்னடத்தில் எங்கள் பரம்பரையை விசாரிக்கிறார்.

வண்டி ஓடிக்கொண்டிருக்க
நாசில் பைப்பு நட்டுகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்துகிறார்.
முதலாவதைத் தொட்டதும் சத்தம் தொய்கிறது,
இறுக்கினால் எழுகிறது.
இரண்டாவது அப்படியே.
மூன்றாவதும்.
பந்தியில் ஒருவனை எழுப்பினால்
வரிசை மொத்தமும் இலையை விட்டு நிமிருமே, அதுபோல.

நாலாவதைத் தளர்த்தினார்.
டீசல் பீய்ச்சி முழங்கை வரை வழிந்தது.
இன்ஜினுக்கு ஒன்றும் தெரியவில்லை.
அதே தடுமாற்றம், அதே நொண்டல்.

"இவன் சம்பளம் மட்டும் வாங்குறான்."

உடனே தீர்ப்பு எழுதவில்லை அவர்.
நாலின் நாசிலைக் கழற்றி ஐந்துக்கு,
ஐந்தினுடையதை நாலுக்கு.
நாசில்தான் குற்றவாளி என்றால்
கோளாறு அதோடு வீடு மாறியிருக்க வேண்டும்.
மாறவில்லை.
ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து
மூடியைத் தலைகீழாய் அதன்மேல் வைத்தார்,
கொதிக்கிற சோற்றுப்பானைத் தட்டு போல
குதித்து விழுந்தது.

பிறகு கேஜ்.
மற்ற ஐந்திலும் இருபத்தைந்தைத் தொட்ட முள்
நாலில் பதினைந்தோடு நின்றுகொண்டது.
துளை வழியாய் ஒரு கரண்டி ஆயில் விட்டு
மறுபடி சுற்றச் சொன்னார்.
இருபத்திரண்டு.
"ரிங்கு" என்றார்.
காலையில் இருந்து அவர் முகத்தில் அப்போதுதான்
ஏதோ ஒன்று இறுக்கம் விட்டது.

போனை வாங்கி அவரே பேசினார்:
"சார், ஆயில் கீழ போகலை, மேல போகுது.
நாலாவது பிஸ்டன் குடிச்சு ஊதுது.
டிரைவரைக் கேக்காதீங்க, சைலன்சரைக் கேளுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
அப்புறம் ஓனர் குரல், இறங்கி:
தீபாவளி லோடு முடியட்டும்,
அதுவரைக்கும் ஊத்தி ஓட்டச் சொல்லுங்க.
பிடிச்ச காசை முழுசா குடுத்துடறேன்னும் சொல்லுங்க.

முழுசா.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டிராக்டர்காரனுக்கு
இரண்டு லிட்டர் நான் விற்றிருந்தேன்.
முந்நூறு ரூபாய்.
மருந்துக்கோ ஃபீசுக்கோ இல்லை.
பரோட்டா, ஒரு ரீசார்ஜ்,
மீதி எப்படிப் போனதென்று நினைவில்லை.

ஜபிவுல்லா கை துடைத்துக்கொண்டிருந்தார்.
விரல் விரலாய், நகக்கண் வரை.
"பதினொண்ணு வராதே" என்றார்.
"இந்தத் தேய்மானத்துக்கு ஒம்போது. மிஞ்சினா ஒம்போதரை."
என்னிடம் அல்ல,
பனியன் துணியிடம்.

கூலியை எண்ணிக் கொடுத்தேன்.
அவர் எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

தும்கூர் சாலை மேம்பாலத்தில் ஏறும்போது
ஐந்து பேர் இழுத்தார்கள்.
நாலாவது
நீலமாய்ப் புகைந்துகொண்டு
கூடவே வந்தது.