பழக்கங்கள்

மாரிக்குப்பத்தில் ஐந்து மணி வண்டி.
ஜன்னலோரம் நான்கு பேர்,
முழங்கால்களின்மேல் விரித்த துண்டு,
துண்டின்மேல் சீட்டு.
எட்டரைக்கு மகாதேவபுரத்தில்
பூட்ஸ் மாட்டியாக வேண்டும்.

நீதிராஜுக்கு மூன்றாம் தொட்டி.
பார்க்க ஆரஞ்சு ஜூஸ் மாதிரி இருக்கும்.
கரண்ட் போட்டதும்
கொதிக்காமலே ஆவி வரும், மூக்கு உயரத்துக்கு.
பித்தளைக் குழாய்கள் கொக்கியில் தொங்கி இறங்கும்,
ஏறும்போது கண் கூசும்.
யாரோ பன்னிரண்டாம் மாடியில்
பல் துலக்கத் திருப்பப்போகிற குழாய்.
எங்கள் லைனில் தண்ணீர்
பத்து நாளைக்கு ஒருமுறை.

மாஸ்க் உண்டு. பீரோவில்.
இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பீரோ திறக்கும்.
மற்ற நாளில் ஆளுக்கொரு வெல்லக்கட்டி.
தொண்டையில் இருப்பதை இறக்கிவிடுமாம்.
எங்கே இறக்கும் என்று
நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் ஒரு வித்தை காட்டினான்.
பனியன் நூலொன்றை இடது மூக்கில் விட்டு
வலது மூக்கில் இழுத்தான்.
பெட்டியே சிரித்தது.
கொய்யாக்காரி கூடையை இறக்கிவைத்து
இன்னொரு தரம் காட்டு என்றாள்.
வலிக்கலையா என்றேன்.
"நடுவுல ஒண்ணுமே இல்லடா,
எது வலிக்கும்?"

அவன் அப்பாவின் எக்ஸ்ரே
சுரங்கத்தூசி, மாவு சலித்தாற்போல.
இவனுடையதில் ஒரே ஒரு புள்ளி.
எலுமிச்சம்பழம் இருக்கும்.

ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரியில்
குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.
பீடி?
இல்ல சார்.
சிகரெட்?
இல்ல.
குட்கா, ஹான்ஸ், வெத்தலை?
ஞானஸ்நானம் எடுத்தவன் சார் நான்.
குடி?
நீதிராஜ் என்னைப் பார்த்தான்.
சம்பளத்தன்னிக்கு. கொஞ்சம்.
ஒன்றாவது கிடைத்த நிம்மதியில்
டிக் அடித்தார்.
தொழில் என்ற கட்டத்தில்
கூலி என்று எழுதினார்.
கன்னடத்திலும் அதற்கு இரண்டே எழுத்து.

அவர் டீ குடிக்கத் திரும்பியபோது
பேனாவை எடுத்து
'பழக்கங்கள்' கட்டத்தின் கீழ் நான் எழுதினேன்:
குரோமியம். பதினோரு வருஷம்.
தினம் பத்து மணி நேரம்,
ஓவர்டைம் இருந்தால் பதிமூன்று.

வந்து பார்த்தார். கோபமில்லை.
ஸ்கேல் வைத்து நேராகக் கோடிழுத்து அடித்தார்.
"இது பழக்கம் இல்லப்பா.
வேலை."

சூப்பர்வைசர் போன் செய்தார்.
முதலில் உடம்பு எப்படி என்றுதான் கேட்டார்,
அதைச் சொல்லாமல் விடக்கூடாது.
பிறகு, மூன்றாம் தொட்டிக்கு
உங்க பக்கம் பையன் யாராவது
இருந்தால் சொல்லு என்றார்.
இருக்கிறார்கள்.
வண்டி நிறைய இருக்கிறார்கள்.

இன்று காலை எலியாசர்
கை பாட்டுக்கு நான்கு பேருக்கும் போட்டுவிட்டார்.
யாரும் எடுக்காத ஏழு சீட்டு
பங்காருப்பேட்டை வரை துண்டின்மேல் கவிழ்ந்து கிடந்தது.
டேக்கலில் ஒன்று காற்றில் புரண்டது.
நான்கு கிளாவர்.
வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாத சீட்டு.

எனக்கு மூக்கு அரித்தது.
கைக்குட்டையில் சிந்தினேன்.
பார்க்கவில்லை.
நாலாய் மடித்து
பைக்குள் வைத்துக்கொண்டேன்.