மூன்றாம் நபர்

கண்ணாடி உடனே விழவில்லை.
அதைத்தான் யாரும் நம்ப மறுக்கிறார்கள்.
சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன்.
ஃபர்கல் மல்வி, காதில் ஆரஞ்சு மூடி,
தோளிலிருந்து தொங்கும் புல்வெட்டி,
என் வேலியோரமாக வந்துகொண்டிருந்தான்.
டக்கென்று ஒன்று.
கார்க் கதவின் கண்ணாடி முழுக்க வெளுத்து,
நடுவில் பொட்டளவு ஓட்டையோடு
உறைந்த குட்டைபோல் அப்படியே நின்றது.
கெட்டில் கொதித்து அடங்கும்வரை நின்றது.
பிறகு பால் லாரி போன அதிர்வில்
கொட்டியது,
மூட்டை அவிழ்ந்த கல்லுப்பாக.

ஃபர்கல் திரும்பவில்லை.
வளைவுவரை வெட்டி முடித்து
கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.
நானும் உயர்த்தினேன்.

அவனை யாரும் வெட்டச் சொன்னதில்லை.
எனக்கு இடுப்பெலும்பு மாற்றிய வருடம்
தன் ஓரத்தை முடித்தவன்
எந்திரத்தை அணைக்காமல் என் ஓரத்துக்கும் வந்தான்.
நாலு வருடமாக வருகிறான்.
காசென்றால் கோபம் வரும்.
நெல்லிப்பழ ஜாம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு
பாட்டிலைக் கழுவித் திருப்பித் தருவான்.
பேசிக்கொண்டதெல்லாம் மழையைப் பற்றி,
லீட்ரிமில் அதற்கே நேரம் போதாது.

டப்ளினிலிருந்து ஒரு பெண்,
கிளியோனா என்றாள், குரலில் சளி.
கண்ணாடிக்குத் தனிக் காப்பீடு இருக்கிறதா?
இருந்தது.
இருபத்தாறு யூரோ மிச்சம் பிடிக்க
போன மார்ச்சில் நானே அடித்துவிட்டேன்.
அப்படியானால் முதல் முந்நூறு உங்கள் பொறுப்பு,
ஆறு வருடம் க்ளெய்ம் செய்யாத சலுகையும் போகும்.
சேதம் வேறொருவரால் என்றால் கதை வேறு.
ஆள் தெரியுமா?
பெயர் மட்டும் சொல்லுங்கள்,
மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அந்த மற்றது எனக்குத் தெரியும்.
நீள உறை, எழுத்துப்பிழையோடு அவன் பெயர்,
இன்ன தேதிக்குள் பதில் தராவிடில்.
பதினோரு மாடும் ஒரு பழைய டிராக்டரும் உள்ளவனிடம்
தேதிகளுக்கு எங்கே போவது?

ஒரு கல், என்றேன்.
கல் என்றால்?
கல்தான். ரோட்டில் கிடப்பது.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டச்சினாள்.

வியாழக்கிழமை,
கதவில் கறுப்புக் குப்பைப் பை படபடக்க
கேரிக் போய்த் திரும்பி இறங்கினால்
ஃபர்கல் ஓடி வருகிறான்.
எவன் செய்த வேலை இது?
விடாதே நோரீன், செய்தவன் கொடுக்கட்டும்,
எழுதிப் போடு, நான் சாட்சி வருகிறேன்.
அவன் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன்.
பேசிக்கொண்டே என் கோணல் டேப்பை உரித்து
நேராக இழுத்து ஒட்டினான்.
கீழ்மூலையை அழுத்தக் கையை உள்ளே விட்டவன்
இருக்கைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்து எடுத்தான்.
காடைமுட்டை அளவு.
ஒரு பக்கம் புல் அரைபட்டுக் காய்ந்த பச்சை.

உள்ளங்கையில் உருட்டினான்.
வேலியோரத்தைப் பார்த்தான். காரைப் பார்த்தான்.
மழை வரும்போல, என்றேன்.
வரும், என்றான்.

சனிக்கிழமை வாசற்படியில் ஜாம் பாட்டில்.
கழுவியதுதான்.
உள்ளே சுருட்டி வைத்த இருநூற்று எண்பது யூரோ,
ஐந்தும் பத்துமாக.
திருப்பிக் கொடுக்கப் போனேன்.
உள்ளே ரேடியோ பாடியது,
கதவு திறக்கவில்லை.

புதுக் கண்ணாடி மிகத் துல்லியம்.
ஜூலை பாதி போய்விட்டது.
அவன் ஓரம் என் வேலி தொடங்கும் இடத்தில்
கோடு போட்டதுபோல் நிற்கிறது.
இந்தப் பக்கம் புல் முழங்காலைத் தாண்டி
வளைவில் எதிரே வருவது தெரிவதில்லை.
ஹாரன் அடித்துக்கொண்டேதான் காரை வெளியே எடுக்கிறேன்.
ஒரு முறை அடித்தால் போதும்.
இரண்டு முறை அடிக்கிறேன்.