யாருக்கும் எழுதாத நானூற்று ஐந்து

பழைய எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில்
பென்சிலால் பிரித்துக்கொண்டிருக்கிறேன் வட்டை.
பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட், இரவு ஒன்பதரை.
ஏசி மட்டும் பேசும் சர்வர் அறை.

பெட்டியில் இரண்டாயிரம் ஜி.பி. என்று அச்சு.
கணினி அளந்தால் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு.
பத்திரத்தில் ஒன்று, சங்கிலி பிடித்தால் ஒன்று;
நிலத்திலும் இப்படித்தான்.

"எதுக்கு பேச்சி இம்புட்டு சொவரு?
ஒரே ஹாலா விட்டுட்டா தாராளமா இருக்காதா?"
ஸ்கேன் சென்டர் முதலாளி டாக்டர் அதிசயராஜ்
கார்ச்சாவியைச் சுழற்றியபடி கேட்கிறார்.

போன வைகாசி வரை ஒரே ஹாலாகத்தான் இருந்தது டாக்டர்.
கூட்ட வந்தவர் பிடுங்கிய பிரிண்டர் வயரை
யாரும் திரும்பச் சொருகவில்லை.
'அச்சுப்பொறி இல்லை, அச்சுப்பொறி இல்லை' என்று
விநாடிக்கு ஆயிரம் வரி எழுதியது ஒரு நிரல்,
மூன்று வாரம், மூச்சு விடாமல்.
ஒருவரும் படிக்கவில்லை. நானும்தான்.

வட்டு நிரம்பிய விடியலில்
படம் வைக்க இடமில்லை,
ரசீது எண் போட இடமில்லை,
என்னை உள்ளே விடவும் அதற்கு இடமில்லை.
களக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்
முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு
பெஞ்சில் பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தார்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
காஜா முகைதீன் கையை விரித்தான்.
ஒரு புலம்பல் உங்கள் இடத்தையும் தின்றுவிட்டது என்று
அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே சுவர்.
துவக்கத்துக்கு ஒன்று போதும்.
வேருக்கு நாற்பது. வேர் பருக்கக் கூடாது.
நினைவு பிதுங்கும்போது ஒதுங்கப் பதினாறு.
தற்காலிகத்துக்குப் பத்து:
வந்து தங்கிப் போகலாம்,
அங்கே அடுப்பு மூட்டக் கூடாது.
தரவுத்தளத்துக்கு நூற்றைம்பது.
படங்களுக்கு ஆயிரத்து இருநூறு,
ஈரல், கரு, முழங்கால், எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில்.
பதிவேட்டுக்கும் நாற்பது; புலம்பட்டும்.
தன் குளம் பெருகினால் பழையது மறுகாலில் போகட்டும்,
அடுத்தவன் வயலுக்குள் அல்ல.

பார்ட்டிஷன் என்கிறோம் இங்கே.
சேரன்மகாதேவியில் பாகப்பிரிவினை.
கன்னடியன் கால் பாயும் ஒன்றேகால் ஏக்கரை
அண்ணன்மார் இருவரும் பிரித்தபோது
நான் எழுதிக் கொடுத்தது விடுதலைப் பத்திரம்.
எதிலிருந்து விடுதலை என்று
சார்பதிவாளர் கேட்கவில்லை.
கேமராவைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.
விரல் வைக்கச் சொன்னார்.
வெளியே வந்ததும் பெரியவன்
நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தான்.
குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் கவரைத் தன் பக்கம் திருப்பி
உதட்டுக்குள் கூட்டுகிறார்.
"ஆயிரத்து நானூத்தி அம்பத்தேழுதான வருது.
மிச்சம் நானூத்தஞ்சு யாருக்கு?"

யாருக்கும் எழுதவில்லை.
சுவர் என்றேனே, அது செங்கல் இல்லை டாக்டர்.
எந்தப் பக்கம் முட்டுகிறதோ
அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கலாம்,
யாரையும் எழுப்பாமல், ஓடும்போதே.
கூட்டுவது லேசு.
கொடுத்ததைச் சுருக்கி வாங்குவதுதான் பாடு.
முதல் நாளே அத்தனையும் எழுதிவிட்டால்
பிறகு கேட்டு வருகிறவருக்கு
சர்பத்தான் தரமுடியும்.

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவுமில்லை.

திரை கேட்கிறது:
மாற்றங்களை வட்டில் எழுதவா?
எழுதினால் முன்னிருந்தது அழியும்.
"தட்டு பிள்ள, மணி பத்தாவுது."

மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை கூட்டுகிறேன்.
காஜாவுக்குப் போன் போட்டு
நகல் எடுத்த வட்டு பையில் இருக்கிறதா என்கிறேன்.
இருக்கிறதாம், மேலப்பாளையம் பஸ்ஸில், அவன் மடியில்.
"தொறந்து பாத்துச் சொல்லு."
ஜிப் திறக்கும் சத்தம் கேட்கிறது.

பிறகுதான் விரலை வைக்கிறேன்.